க்ரோனோ ட்ரிக்கர் ரோபோ: அந்த 400 வருஷம் உங்களுக்கு எப்படி இருந்தது?

#1 பார்வதிபுரத்தான்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதையின் முக்கியத் திருப்பங்கள் எல்லாம் இந்த இழையில் வரும். ஆடி முடிக்காதவர்கள் முடித்துவிட்டு வாருங்கள், இழை எங்கேயும் போகாது.

க்ரோனோ ட்ரிக்கர் 1995-ல் வந்த ஆட்டம். வாள், மந்திரம், சாபத்தால் தவளையான வீரன், அரண்மனையை விட்டு ஓடிவரும் இளவரசி என்று மாயக்கதைக்கு வேண்டியதெல்லாம் இருக்கும். அதற்கு நடுவில் 2300-ஆம் ஆண்டிலிருந்து ரோபோ என்ற ஒரு இயந்திரம் வந்து சேருகிறது. குழுவில் சேருகிற ஏழு பேரில் அவன் ஒருவன். கதாநாயகன் கிடையாது, கதையை நகர்த்துகிறவனும் கிடையாது. ஆனாலும் ஆடி முடித்தவர்களிடம் கேட்டால் பாதிப் பேர் அவன் பெயரைத்தான் சொல்கிறார்கள். ஏன் என்று பேசலாம் என்றுதான் இந்த இழை.

எனக்கு அவனைப் பிடித்துப்போனது தொழிற்சாலையில். தப்பி ஓடும்போது அவனைப் போலவே செய்யப்பட்ட ஆறு ரோபோக்கள் எதிரே வந்து நிற்கின்றன. அவன் சந்தோஷமாகத் தன் சகோதரர்களிடம் போகிறான். அவர்களோ அவனைப் பழுதான சரக்கு என்கிறார்கள், அடிக்கிறார்கள். நம் ஆட்கள் வாளை உருவப் போனால் அவன் தடுக்கிறான், இவர்கள் என் சகோதரர்கள் என்கிறான். அடித்து நொறுக்கிக் குப்பைக் குழிக்குள் தூக்கிப் போடும்வரை திருப்பி ஒரு கை ஓங்கவில்லை. சண்டையே பிரதானமாக இருக்கிற ஒரு ஆட்டத்தில், சண்டை போட மறுப்பதை வைத்து ஒரு பாத்திரத்தை அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள். அப்போதே நான் அவன் பக்கம்.

அப்புறம் 400 வருஷம் நின்று அவன் வளர்த்த அந்தக் காடு. அதைப் பற்றி நீங்கள் சொல்லுங்கள்.

#2 கொளச்சல் அலை

நான் ஆட்டக்காரன் கணக்கிலிருந்து சொல்கிறேன். ரோபோவைக் குழுவிலிருந்து நான் எடுத்ததே கிடையாது. காலத்தின் முடிவு என்ற இடத்தில் இருக்கிற ஸ்பெக்கியோ குழுவில் சிலருக்கு மந்திரம் கற்றுக்கொடுக்கும், இவன் இயந்திரம் என்பதால் இவனுக்குக் கிடையாது. ஆனால் இவனுடைய லேசரே நிழல் வகைத் தாக்குதலாகக் கணக்காகிறது. ஹீல் பீம் என்ற திறன் வந்துவிட்டால் மொத்தக் குழுவுக்கும் ஒரே நேரத்தில் உயிர் ஏற்றலாம். அடிக்கவும் செய்வான், ஆற்றவும் செய்வான்.

கிரைசிஸ் ஆர்ம் தெரியுமா? அந்தக் கையை மாட்டினால் ரோபோவின் உயிர்ப் புள்ளியில் கடைசி இலக்கம் என்னவோ அதை வைத்துத்தான் அடி விழும். 9-ல் முடிந்தால் பேய் அடி, 0-ல் முடிந்தால் ஒன்றுமே இல்லை. நான் அந்த இலக்கத்தைப் பார்த்துப் பார்த்தே ஆடுவேன். அவனுடைய உடம்பைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். மற்ற யாருக்கும் நான் அப்படிப் பார்த்ததில்லை. பாசம் அதில் தொடங்கியதுதான்.

#3 முப்பந்தல் காற்றாடி

அண்ணே, நல்ல இழை. நான் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறவன், அதனால் என் கண் வேறு இடத்துக்குத்தான் போகும்.

குழுவில் மிஷின் வேலை தெரிந்த பெண் லூக்கா அவனை முதன்முதலில் பழுது பார்க்கிற இடம். 2300-ல் புரோட்டோ டோம் என்ற குவிமாடக் கட்டடத்தில் செயலற்றுக் கிடக்கிறான். வழியெல்லாம் ரோபோக்கள் தாக்கியிருக்கின்றன, இவன் எழுந்ததும் தாக்கமாட்டான் என்று என்ன நிச்சயம் என்று இளவரசி மார்ல் பயப்படுகிறாள். இயந்திரம் தானாகக் கெட்டதாகாது, மனிதர்கள்தான் அப்படி ஆக்குகிறார்கள் என்பது லூக்காவின் கட்சி. உட்கார்ந்து வேலையைத் தொடங்கிவிடுகிறாள்.

நின்றுபோன மிஷினை முதலில் பார்க்கும்போது இரண்டு வகை ஆட்கள் இருப்பார்கள். ஒருவர் இது தேறாது என்பார். இன்னொருவர் மூடியைக் கழற்றி, ஒயரைத் தொட்டுப் பார்த்து, கிரீஸ் எந்த நிறத்தில் இருக்கிறது என்று விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். லூக்கா இரண்டாவது வகை. ஆட்டம் முழுக்க அவள் அவனை மூன்று தடவை எழுப்புகிறாள்: முதலில் இங்கே, அப்புறம் தொழிற்சாலையில் அடிபட்ட பிறகு, கடைசியில் காட்டில். மூன்று தடவையும் அவசரப்படுத்தமாட்டாள். இது தோழமை என்று யாரும் வசனம் பேசவில்லை, ஆனால் எனக்கு அதுதான் தோழமை.

#4 மார்த்தாண்டம் தேன்கூடு

எல்லாரும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள், நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். ரோபோ எனக்கும் பிடித்தவன்தான். ஆனால் அந்தக் காட்டுக் கதையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு.

600-ஆம் ஆண்டில் பியோனா என்ற பெண்ணின் வீட்டைச் சுற்றி எல்லாம் பாலைவனம். மணலுக்கு அடியிலிருக்கும் பூதத்தைக் கொன்ற பிறகும் காட்டை மீட்க பல நூறு வருஷம் ஆகும், ஒரு ஆயுள் போதாது என்கிறாள். நான் இருந்து செய்கிறேன் என்கிறான் ரோபோ. நாம் அவனை விட்டுவிட்டுக் கால வாகனத்தில் ஏறி 1000-ஆம் ஆண்டுக்குப் போகிறோம். அங்கே காடு நிற்கிறது, கோவிலுக்குள் ரோபோ செயலற்று இருக்கிறான். லூக்கா சரி செய்கிறாள், அவன் திரும்பக் குழுவில் சேருகிறான்.

ஆடுகிறவனுக்கு இதில் என்ன நஷ்டம்? இரண்டு மூன்று நிமிஷம். 400 வருஷத்தை அவன் உழைத்தான், நாம் ஒரு பொத்தானை அழுத்தித் தாண்டிவிட்டோம். உழைப்பைக் காட்டாமலே உழைப்புக்கான கண்ணீரை மட்டும் வாங்கிக்கொள்கிறார்கள். ஒரு விதையை நட வைத்திருந்தால்கூட, ஒரு குடம் தண்ணீர் சுமக்க வைத்திருந்தால்கூட நான் ஒத்துக்கொண்டிருப்பேன்.

#5 கீரிப்பாறை மழை

தம்பி தேன்கூடு, நீ கேட்டது நியாயமான கேள்வி. ஆட்டம் ஆடுகிறவளாக இதற்குப் பதில் சொல்ல எனக்கு வராது, என் பிள்ளைகள் ஆடும்போது கூட உட்கார்ந்து முழுவதும் பார்த்தவள் நான். ஆனால் மரம் தெரியும்.

எங்கள் பக்கம் ரப்பர். ஒரு கன்றை வைத்தால் பால் வெட்டுக்கு வர ஆறேழு வருஷம் காத்திருக்கணும். முப்பது வருஷம் ஆனால் மரத்தை வெட்டிவிட்டு மறுநடவு. ஒரு மனுஷி தன் வாழ்நாளில் இரண்டு நடவு பார்த்தாலே பெரிசு. இத்தனைக்கும் ரப்பர் தோட்டம் காடு கிடையாது. ஒரே மரம், ஒரே வரிசை, ஒரே வயசு. தோட்டத்தைத் தாண்டி மேலே சோலைக்குள் போனால்தான் காடு என்றால் என்னவென்று தெரியும். பெரிய மரம், அதன் நிழலில் வளருகிற சின்ன மரம், அதில் ஏறுகிற கொடி, கீழே முழங்கால் அளவு சருகு, சருகுக்குள் அட்டை. அந்தச் சருகு மக்கி மண்ணாவதுதான் எல்லாவற்றுக்கும் அடி. மணலில் நேராகக் கொண்டுபோய்ப் பெரிய மரத்தை வைத்தால் நிற்காது. முதலில் வெயில் தாங்குகிற புல்லும் புதரும் வரணும். அது விழுந்து மக்கணும், மண் ஈரத்தைப் பிடிக்கணும். அப்புறம்தான் நிழல் கேட்கிற மரங்கள். ஒவ்வொரு கட்டமும் முந்தினதின் மேல் ஏறி வருவது. அதனால் 400 வருஷம் என்று அவர்கள் சொன்ன கணக்கு எனக்குக் கொஞ்சமும் மிகையாகத் தெரியவில்லை. நாலு வருஷம் என்று சொல்லியிருந்தால்தான் நான் எழுந்து போயிருப்பேன்.

இன்னொன்று யாருமே சொல்லவில்லை. ரோபோ பிறந்த காலம் எது? 2300. அங்கே மரமே இல்லை. ஜனங்கள் டோமுக்குள் பட்டினி கிடக்கிறார்கள். எனர்ட்ரான் என்ற பெட்டிக்குள் போய் வந்தால் தெம்பு வரும், பசி மட்டும் போகாது. ஆரிஸ் டோமில் உணவுக் கிடங்கைத் திறந்தால் எல்லாம் கெட்டுக் கிடக்கும், பக்கத்தில் ஒரு ஆள் செத்துக் கிடப்பார், அவர் கையில் ஒரே ஒரு விதை. அந்த விதையைப் பார்த்துத்தான் அந்தக் கிழவர் டோவானுக்கு நம்பிக்கையே வருகிறது. அந்தக் காலத்திலிருந்து வந்த ஒரு இயந்திரம், காட்டை நான் வளர்க்கிறேன் என்று சொல்லுகிறது. மரத்தைக் கண்ணால் கண்டிராத ஊரிலிருந்து வந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரிந்திருக்கிறது. மக்களே, எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்துவிட்டது.

#6 தக்கலை பலாத்தூண்

400 வருஷம் என்பது எவ்வளவு என்று நம்மூரை வைத்து ஒரு அளவு சொல்லலாம். பத்மநாபபுரம் அரண்மனையைக் கட்டத் தொடங்கியது 1601 வாக்கில் என்பார்கள். அப்போது ரோபோ முதல் குழியைத் தோண்டியிருந்தால் சமீபத்தில்தான் வேலையை முடித்திருப்பான். நடுவில் மார்த்தாண்ட வர்மா வந்து போயிருப்பார், 1741-ல் கொளச்சலில் டச்சுக்காரர்கள் தோற்றிருப்பார்கள், 1906-ல் பேச்சிப்பாறை அணை எழும்பியிருக்கும், 1956-ல் நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்திருக்கும். அவன் பாட்டுக்கு மண்வெட்டியோடு நின்றிருப்பான்.

அந்த அரண்மனையின் தாய்க்கொட்டாரத்தில் ஒற்றைப் பலா மரத்தில் செதுக்கிய தூண் இருக்கிறது, போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த மரம் வளர எடுத்த காலத்தையும் சேர்த்துக்கொண்டால்தான் தூணின் வயசு. ரோபோவின் காட்டை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

#7 மார்த்தாண்டம் தேன்கூடு

அக்கா சொன்ன விதை விஷயம் அருமை, அந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை. ஆனாலும் என் கேள்வி அப்படியே நிற்கிறது. இதெல்லாம் நாம் வெளியே இருந்து கொண்டுவந்து சேர்க்கிறோம். ஆட்டம் என்ன செய்ய வைத்தது? கையில் கைப்பிடியை வைத்துக்கொண்டிருக்கிற நான் அந்த 400 வருஷத்தில் என்ன செய்தேன்? ஒன்றுமில்லை.

இன்னொரு உறுத்தலும் உண்டு. உழைத்தவனைக் கடைசியில் சாமியாக்கிக் கோவிலில் உட்கார வைத்துவிட்டார்கள். கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள், மூடியைத் திறந்து பழுது பார்க்க ஒருத்தருமில்லை. அவனுக்கு வேண்டியது கும்பிடா, ஸ்பானரா?

#8 கொளச்சல் அலை

சாமியாக்கியதில் எனக்கு உறுத்தல் இல்லை, மக்கா. நம்மூரில் மாடனும் இசக்கியும் பாதி அப்படித்தானே. இந்த மண்ணில் வாழ்ந்து, பாடுபட்டு, செத்தவர்களுக்குத்தான் பூடம் போட்டிருக்கிறோம். மறக்கக் கூடாது என்று ஒரு ஊர் நினைத்தால் அதற்குத் தெரிந்த வழி அதுதான். 400 வருஷம் கழித்து அவன் பெயர் தெரிந்த ஒரு ஆள்கூட அங்கே உயிரோடு இல்லை. அப்படியும் அவனைக் குப்பையில் போடாமல் வைத்திருந்தார்கள் பார். அவனுடைய சொந்தச் சகோதரர்கள் போட்டார்கள்.

#9 முப்பந்தல் காற்றாடி

தேன்கூடு அண்ணனின் கேள்விக்குப் பதில் அதே ராத்திரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோபோவை எழுப்பிய பிறகு எல்லாரும் காட்டில் தீ மூட்டி உட்காருகிறார்கள். அவன் பேசுகிறான். இந்தக் காலவாசல்கள் எல்லாம் யாரோ ஒருவரின் நினைவுகளாக இருக்கலாம், யாரோ நமக்கு எதையோ காட்ட நினைக்கிறார்கள் என்கிறான். 400 வருஷம் தனியாக நின்றவன் யோசித்து வைத்த விஷயம். உயிர் போகிற நேரத்தில் திரும்பிப் போய் மாற்ற நினைக்கிற ஒரு தருணம் எல்லாருக்கும் இருக்கும் என்ற பேச்சும் வருகிறது. லூக்கா பிடிகொடுக்காமல் தூங்கப் போய்விடுகிறாள்.

நடுராத்திரியில் அவள் மட்டும் எழுந்து, காட்டுக்குள் சிவப்பாக ஒரு வாசலைப் பார்த்து உள்ளே போகிறாள். போய் நிற்பது 990-ல், தன் சொந்த வீட்டில். அவள் சின்னப் பிள்ளை. அப்பா தாபன் செய்த இயந்திரத்தில் அம்மா லாராவின் பாவாடை மாட்டிக்கொள்கிறது. நிறுத்த ஒரு கடவுச்சொல் வேண்டும், அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

என் தொழிலில் முதல் நாளே சொல்லித்தருவது இதுதான். சுற்றுகிற எதன் பக்கத்திலும் தொங்குகிற துணியோடு போகாதே. கை வைக்கும் முன் மிஷினை நிறுத்து, ரோட்டரைப் பூட்டு, பூட்டின சாவியை உன் பையில் வை. அவசரத்துக்கு நிறுத்துகிற பொத்தான் யார் வேண்டுமானாலும் அடிக்கிற மாதிரி சிவப்பாக, கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கணும். தாபனுடைய மிஷினில் அது இல்லை. நிறுத்துவதற்குக் கடவுச்சொல் வைத்திருக்கிறார். கெட்டிக்காரர், பாசக்காரர், ஆனால் வீட்டில் பெண்ணும் பிள்ளையும் இருக்கிற இடத்தில் அப்படி ஒரு மிஷினை விட்டிருக்கிறார். அந்தக் காட்சியைப் பார்க்கும்போது எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்.

இப்போது பொத்தான் உங்கள் கையில். வீட்டில் கிடக்கிற தாபனின் குறிப்பைப் படித்திருந்தால் கடவுச்சொல் மனைவியின் பெயர் என்று தெரியும். சூப்பர் நின்டெண்டோ கைப்பிடியில் எல், ஏ, ஆர் என்று பொத்தான்கள் உண்டு. எல், ஏ, ஆர், ஏ என்று நான்கு அழுத்து. சில நொடிதான். தவறினால் ஆட்டம் முடிந்துபோகாது, அப்படியே தொடரும், லாரா வாழ்நாள் முழுக்க நடக்க முடியாதவளாக நாற்காலியிலேயே இருப்பாள். சரியாக அழுத்தினால் 1000-க்குத் திரும்பும்போது வீட்டில் நடமாடிக்கொண்டிருப்பாள்.

அண்ணே, ரோபோவுக்குக் கிடைத்தது 400 வருஷம், லூக்காவுக்குக் கிடைத்தது நாலு பொத்தான் நேரம். இரண்டையும் ஒரே ராத்திரியில் அடுத்தடுத்து வைத்திருக்கிறார்கள். அவனுடைய காலத்தை நாம் தாண்டிப் போகிறோம், அவளுடைய காலத்தைத் தாண்ட முடியாது, நம் விரல் அங்கே மாட்டிக்கொள்கிறது. நடவு வேலையை நம்மைச் செய்ய வைத்திருந்தால் இந்த வித்தியாசம் உடம்பில் ஏறியிருக்காது. அந்த 400 வருஷத்தை வேண்டுமென்றே நம்மிடம் தராமல் வைத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

#10 கீரிப்பாறை மழை

காற்றாடித் தம்பி, நீ எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

எங்கள் வீடுகளில் ரப்பர் ஷீட் அடிக்கிற ரோலர் இருக்கும். உறைந்த பாலை இரண்டு உருளைக்கு நடுவில் கொடுத்து ஒருத்தர் சுற்ற, இன்னொருத்தர் பிடித்து வாங்கணும். விரல் போனவர்கள் எங்கள் பக்கம் உண்டு. சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் சொருகாமல் ரோலர் பக்கம் போகக் கூடாது என்று என் மாமியார் கத்துவார். லாராவின் பாவாடை மாட்டுகிற இடத்தில் என் மகள் திரும்பி என் தலைப்பைத்தான் பார்த்தாள்.

அதன் பிறகு வருவதைச் சொல்லாமல் விட்டுவிட்டாயே. லூக்கா திரும்பி வரும்போது ரோபோ அங்கே நிற்கிறான், அவளைக் காணோம் என்று தேடி வந்திருக்கிறான். ஒரு பொருள் கொடுக்கிறான், பச்சைக் கனவு என்று பெயர். காட்டு மரத்தின் பிசின் இறுகி உண்டான அம்பர். சண்டையில் விழுந்தால் ஒரு முறை தானாக எழுப்பிவிடும். மூன்று முறை தன்னை எழுப்பியவளுக்கு அவன் கொடுக்கிறது அது.

உண்மையில் பிசின் அம்பராக லட்சக்கணக்கில், கோடிக்கணக்கில் வருஷம் வேண்டும். 400 வருஷத்தில் கிடைப்பது நன்றாகக் காய்ந்த பிசின்தான். வெள்ளைக்குங்கிலிய மரத்தில் வடிகிறதைப் பார்த்திருக்கிறேன். முதலில் ஒட்டும், அப்புறம் மேலே தோல் மாதிரி பிடிக்கும், பிறகு விரலால் தட்டினால் சில்லென்று உடையும். கோவிலில், பள்ளிவாசலில் கனலில் போட்டால் புகையும் மணமும் வருமே, அந்த இனம். ஆனால் இந்தக் கணக்குப் பிழை எனக்கு உறுத்தவில்லை. தான் நட்ட மரத்தில் வடிந்ததை அத்தனை வருஷம் யாருக்கோ என்று எடுத்து வைத்திருந்தானே, அதுதான் வேண்டும். தனியாக நின்ற காலம் முழுக்க அவளை நினைத்திருந்தான் என்பதற்கு அந்தப் பிசின் போதும்.

#11 மார்த்தாண்டம் தேன்கூடு

காற்றாடி, நான் கேட்டதற்கு ஆட்டத்துக்குள்ளிருந்தே பதில் சொல்லிவிட்டாய். நாலு பொத்தான் விஷயத்தில் முழுக்க ஒத்துப்போகிறேன். பியோனா விஷயத்தில் இன்னும் இல்லை. அவளும் ஒரு ஆயுள் முழுக்க அங்கே பாடுபட்டிருப்பாள். அவள் கடைசி நாட்களில் ரோபோவோடு என்ன பேசினாள், அவள் போன பிறகு அவன் எப்படி இருந்தான் என்று ஒரு காட்சி வைத்திருக்கலாம். அவனுடைய 400-ல் முதல் சில பத்து வருஷம்தான் துணையோடு கழிந்திருக்கும். மீதி முழுக்கத் தனிமை. அதை நான் கேட்டு வாங்கியே தீருவேன்.

#12 பார்வதிபுரத்தான்

அதை மறுக்கமாட்டேன். ஆனால் ஒன்று, யாசுநோரி மிட்சுடாவின் இசை அந்த இடத்தில் கொஞ்சம் வேலை செய்கிறது. ஆட்டத்துக்கு இசையமைத்தபோது உழைப்பு தாங்காமல் வயிற்றுப் புண் வந்து அவர் படுத்துவிட்டார், மீதிப் பாட்டுகளில் சிலதை நோபுவோ உவெமாட்சு முடித்துக்கொடுத்தார். தீ மூட்டி உட்காருகிற காட்சியை ஒலியைக் கூட்டி வைத்து இன்னொரு முறை பாருங்கள். பேசாமல் விட்டதில் பாதியை அது சொல்லும்.

#13 தோவாளை பிச்சிப்பூ

எல்லாவற்றையும் படித்தேன், கதை தெரிந்துபோனாலும் பரவாயில்லை, ஆடியே ஆகணும் போலிருக்கிறது. பழைய ஆட்டமாச்சே, இப்போது எதில் கிடைக்கும்? என்னிடம் சாதாரண லேப்டாப்தான்.

#14 கொளச்சல் அலை

தங்கச்சி, ஸ்டீம் என்ற இணையக் கடையில் 2018-லிருந்து இருக்கிறது, போனிலும் கிடைக்கும். லேப்டாப்பே போதும். தள்ளுபடி விலைக்கு வரும்போது வாங்கு.

ஆடும்போது இரண்டு விஷயம் ஞாபகம் வைத்துக்கொள். ரோபோவின் காட்டுக் கதை விருப்பக் கிளைதான், யாரும் உன்னைப் பிடித்து இழுத்துப் போகமாட்டார்கள், ஆகவே காலத்தின் முடிவில் இருக்கிற கிழவர் சொல்லும் குறிப்புகளைத் தவறாமல் கேள். 990-க்குள் நுழைந்ததும் எதையும் தொடும் முன் தாபனின் குறிப்பைப் படி.

அப்புறம் ஜீனோ டோம். ரோபோவின் பிறப்பு ரகசியம் அங்கேதான். அவனுடைய பழைய தோழி அட்ரோபோஸை அவன் தனியாக எதிர்கொள்ள வேண்டியிருக்கும், கூட யாரும் வரமுடியாது. அதனால் உள்ளே போகும் முன்னே அவனுக்கு நல்ல கவசமும் கையும் மாட்டிவிடு. கிரைசிஸ் ஆர்ம் வைத்திருந்தால் அந்தச் சண்டைக்கு மட்டும் கழற்றிவிடு, இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. சண்டை முடிந்ததும் கிடைக்கிற அவளுடைய ரிப்பனால் அவனுக்கு வேகத்தில் 3-ம் மந்திரத் தடுப்பில் 10-ம் கூடும்.